நீதிபதி நாற்காலியும் ஓட்டுப் பெட்டியும்

(திருத்துறைப்பூண்டி வட்டத்துக் கிராமம் ஒன்றில், விவசாயத் தொழிலாளர்களும் ரைஸ் மில் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில், விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் பழைய ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)

தோழர்களே!

நேற்று இரவு சாப்பாடு முடிந்து களத்துமேட்டில் உட்கார்ந்திருந்தோம். அப்போது மில்லிலிருந்து வந்திருக்கும் ஒரு இளந்தோழர் ஒரு கேள்வி போட்டார். “அமெரிக்காவிலே ஜட்ஜுகளே எலெக்‌ஷனில் நிற்கிறார்களாமே! கட்சிப் பெயரைப் போட்டு நோட்டீஸ் அடித்து, வீடு வீடாய்ப் போய் ஓட்டுக் கேட்கிறார்களாமே! அந்த முறை இங்கேயும் வந்தால், முன்சீப் கோர்ட்டில் நம்ம தோழர் ஒருத்தரை உட்கார வைத்துவிடலாம். அதைக் கேட்டு நாம் ஏன் போராடக் கூடாது?” என்று கேட்டார்.

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரி முழுதும் அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. நீதிபதி நாற்காலியில் யார் உட்காருவது என்பதற்காக இந்தத் தஞ்சைத் தரணியில் நம் பாட்டன், அப்பன் எல்லாம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆகவே இன்று காலை வகுப்பில் அதையே பேசிவிடலாம் என்று தீர்மானித்தேன்.

தொழுமரத்திலிருந்து தொடங்குவோம்

முதலில் நம் ஊர்க் கதை. பண்ணையாள் முறை இருந்த காலத்தில் நமக்குக் கோர்ட்டு எது? மிராசுதாரின் களம்தான் கோர்ட்டு. பிராது கொடுப்பவரும் அவரே, விசாரிப்பவரும் அவரே, தீர்ப்பளிப்பவரும் அவரே! தண்டனை என்ன? சாட்டையடி, சாணிப்பால். “ஆண்டே, நான் செய்யலை” என்று சொல்வதற்கு மேல் எதிர்வாதம் கிடையாது. அப்பீல் மாரியம்மனிடம்தான்!

“அது மிராசுதாரின் அக்கிரமம், சட்டம் அப்படிச் சொல்லவில்லையே” என்று சிலர் சொல்வார்கள். சட்டம் என்ன சொன்னது, பார்ப்போம். 1816-ம் வருஷத்தில் சென்னை ராஜதானிக்குக் கம்பெனி சர்க்கார் 11-வது ரெகுலேஷன் என்று ஒன்று போட்டது. சில்லறைச் சண்டை, வசவு, சிறு அடிதடி ஆகிய வழக்குகளைக் கிராமத் தலைவரே விசாரிக்கலாம் என்றது. குற்றவாளி என்று கண்டால் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். ஆனால் ஆள் ‘கீழ்ஜாதி’யாக இருந்தால்? தொழுமரத்தில் 6 மணி நேரம் வரை மாட்டி வைக்கலாம்! தொழுமரம் என்றால் இளந்தோழர்களுக்குத் தெரியாது. காலை நுழைத்துப் பூட்டும் மரக்கட்டை. ஊரே வேடிக்கை பார்க்க மனிதனை மாட்டைப்போல் மாட்டி வைப்பது. குற்றம் ஒன்றுதான், ஜாதிக்கு ஒரு தண்டனை. இதை எழுதியது எந்தப் பண்ணையாரும் அல்ல, லண்டனுக்குக் கணக்கு அனுப்பிய சர்க்கார்!

பிறகு 1888-ம் வருஷத்துக் கிராமக் கோர்ட்டுச் சட்டம் வந்தது. கிராம முன்சீப் சிறு பண வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியானார். அவர் யார்? கிஸ்தி வசூலிப்பவர். ஊரில் பிறப்பு, இறப்புக் கணக்கு எழுதுபவர். போலீஸுக்கு முதல் தகவல் சொல்பவர். அதற்கும் மேலே நியாயமும் சொல்பவர்! அந்தப் பதவியும் அப்பனுக்குப் பிறகு பிள்ளைக்கு. 1895-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று அதைப் பரம்பரைச் சொத்தாகவே கட்டிக் காத்தது.

இந்தப் பரம்பரை உரிமை எப்போது உடைந்தது தெரியுமா? குண்டூர் ஜில்லாவில் ஒரு கிராம முன்சீப் பதவி பற்றிய வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. வம்சத்தைப் பார்த்துச் சர்க்கார் உத்தியோகம் கொடுப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1960 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. தமிழ்நாட்டில் முன்சீப், கர்ணம் பதவிகளையே ஒழித்தது 1980 நவம்பரில்தான். அதாவது, சுதந்திரம் வந்து 33 வருஷம் கழித்து! அதற்குப் பிறகுதான் பரீட்சை எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் வந்தார்.

ஓட்டு வந்தது, சாவடி மாறியதா?

“முன்சீப் பரம்பரை, சரி. தேர்ந்தெடுக்கப்பட்ட நீதிபதிகளே இங்கு இருந்ததில்லையா?” என்று கேட்கலாம். இருந்தார்கள். 1920-ல் கிராமக் கோர்ட்டுச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன் பிறகு கிராமத்தார் தேர்ந்தெடுக்கும் பஞ்சாயத்துக் கோர்ட்டுகள் வந்தன. ஒரு முன்சீப்புக்குப் பதில் சில பேர் சேர்ந்து உட்கார்ந்து நியாயம் சொல்வது. கேட்க அழகாக இருக்கிறது!

ஆனால் தோழர்களே, அந்தக் காலத்துத் தஞ்சைக் கிராமத்தை நினைத்துப் பாருங்கள். நிலம் மிராசுதாரிடம். வாய்க்கால் மடை அவரிடம். குடியிருக்கும் மனைக்கட்டு அவருடையது. அக்கிரகாரத் தெருவிலும் குடியானத் தெருவிலும் நாம் நடக்கவே முடியாது. சாவடிக்கு வெளியே தூரத்தில் நின்று, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேச வேண்டும். அந்த ஊரில் நீதிபதியை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடு என்றால் யார் வருவார்? பழைய மனிதரே புது மாலை போட்டுக்கொண்டு வருவார்!

டாக்டர் அம்பேத்கர் இதை அன்றே கண்டார். 1932-ல் பம்பாய்ச் சட்டசபையில் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தபோது, பஞ்சாயத்துகளுக்கு நியாய விசாரணை அதிகாரம் கொடுப்பதை அவர் எதிர்த்துப் பேசினார். ஜாதியால் பிளவுபட்ட கிராமத்தில் சிறுபான்மையாகக் கிடக்கும் மக்கள், பெரும்பான்மை தேர்ந்தெடுத்த நீதிபதியின் முன் எந்த நம்பிக்கையில் போய் நிற்பார்கள் என்பதுதான் பிரச்னை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலும், கிராமத்தைச் சொர்க்கம் என்று பாடியவர்களுக்கு அவர் சுடச்சுடப் பதில் கொடுத்தார்.

அப்படியானால் நியமன ஜட்ஜு போதுமா?

இதைக் கேட்டு, “ஓட்டே வேண்டாம், மேலேயிருந்து நியமிக்கும் படித்த ஜட்ஜுகளே போதும்” என்று யாராவது முடிவு கட்டினால் அதுவும் தவறு. இந்த மண்ணில் வெண்மணி இருக்கிறது!

1968 டிசம்பர் 25. அரைப்படி நெல் கூடக் கேட்டதற்காகவும், செங்கொடியை இறக்க மறுத்ததற்காகவும், ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் கருகின. பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். கீழ்க்கோர்ட்டு நிலச்சுவான்தார்களைத் தண்டித்தது. 1973-ல் சென்னை ஹைகோர்ட்டு அவர்களை விடுதலை செய்தது. சொன்ன காரணம் என்ன? இவர்கள் பணக்கார மிராசுதார்கள், கார் வைத்திருப்பவர்கள், இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கஷ்டம் என்ற பொருளில் எழுதினார்கள். அந்த ஜட்ஜுகளை யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பவில்லை. கட்சிக் கொடி பிடித்து அவர்கள் வரவில்லை. சட்டம் கரைத்துக் குடித்தவர்கள். இருந்தும், காரில் போகிறவன் கொலை செய்ய மாட்டான் என்ற நம்பிக்கை எங்கிருந்தோ வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

ஆகவே தோழர்களே, நியமனம் என்பதாலேயே நியாயம் வந்துவிடாது. தேர்தல் என்பதாலேயும் வந்துவிடாது. இதை மனதில் வைத்துக்கொண்டு, இளந்தோழர் சொன்ன அமெரிக்காவுக்குப் போவோம்.

அமெரிக்காவில் இரண்டு நாற்காலிகள்

அமெரிக்காவில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு முறை. டெக்ஸஸ் மாகாணத்தில் அடிமட்டக் கோர்ட்டின் நீதிபதியை ‘ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்’ என்பார்கள். வாடகை கொடுக்காதவனை வீட்டை விட்டு வெளியேற்றும் வழக்கு, சிறு கடன் வழக்கு, சில்லறைக் குற்றங்கள் எல்லாம் அவர் முன்தான் வரும். ஏழை ஜனங்கள் வாழ்நாளில் பார்க்கும் கோர்ட்டு அதுதான். அந்தப் பதவிக்கு 4 வருஷத்துக்கு ஒரு முறை தேர்தல். வேட்பாளர் கட்சிப் பெயரோடு நிற்கிறார். வக்கீல் படிப்புக்கூடக் கட்டாயமில்லை.

இப்படிப்பட்ட தேர்தலில் தொழிலாளி பக்கத்து மனிதர் ஜெயித்ததுண்டா? உண்டு. ஜேக்கப் பேங்கன் என்பவரின் கதை அது. பழைய ரஷ்ய சாம்ராஜ்யத்தில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்தவர். தையல் தொழிலாளர் சங்கத்தைக் கட்டப் பாடுபட்டவர், பிறகு வக்கீலானவர். 1917-ல், முதல் உலக யுத்த வெறி தலைவிரித்தாடிய சமயத்தில், நியூயார்க் நகர முனிசிபல் கோர்ட்டின் நீதிபதி பதவிக்கு சோஷலிஸ்ட் கட்சியின் சார்பில் நின்று ஜெயித்தார். பதவிக்காலம் 10 வருஷம். அதே தேர்தலில் அதே கட்சியின் மேயர் வேட்பாளர் மோரிஸ் ஹில்க்விட் தோற்றுப்போனார் என்பதையும் கவனியுங்கள். நகரம் முழுவதிலும் கிடைக்காத ஜெயம், தையல்காரர்களும் வாடகைக் குடித்தனக்காரர்களும் நெருங்கி வாழ்ந்த ஒரு வட்டாரத்தில் கிடைத்தது. 1927-ல் மறுபடி நின்றபோது பேங்கன் தோற்றார். ஆனால் அந்தப் பத்து வருஷம், ஒரு தொழிற்சங்கவாதி நீதிபதி நாற்காலியில் இருந்தார்.

இது ஒரு நாற்காலி. இன்னொரு நாற்காலியையும் பாருங்கள்.

மேற்கு வர்ஜீனியா நிலக்கரி மாகாணம். அங்கே மாஸ்ஸி என்ற பெரிய நிலக்கரிக் கம்பெனி. ஒரு சின்னச் சுரங்க முதலாளியை வியாபாரத்தில் மோசடியாக நசுக்கிவிட்டது என்று வழக்கு நடந்து, 2002-ல் ஜூரிகள் அந்தக் கம்பெனிக்கு எதிராக 5 கோடி டாலர் தீர்ப்பளித்தார்கள். அப்பீல் போக வேண்டிய இடம் மாகாணத்தின் மேல் கோர்ட்டு. அந்த மேல் கோர்ட்டு ஜட்ஜுகளும் அப்போது கட்சிப் பெயரோடு தேர்தலில் நிற்பவர்கள். கம்பெனித் தலைவர் டான் பிளாங்கன்ஷிப் என்ன செய்தார் தெரியுமா? 2004 தேர்தலில் பதவியில் இருந்த ஒரு ஜட்ஜைத் தோற்கடித்துப் புதியவர் ஒருவரைக் கொண்டுவர 30 லட்சம் டாலர் செலவழித்தார். புதியவர் ஜெயித்தார். பிறகு அப்பீல் விசாரணைக்கு வந்தது. “நீங்கள் விலகிக்கொள்ளுங்கள்” என்று எதிர்க்கட்சிக்காரர் கேட்டார். அவர் விலகவில்லை. 2007-ல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு கம்பெனிக்குச் சாதகமாயிற்று. அந்த மூவரில் இவரும் ஒருவர்!

2009-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, இந்த ஜட்ஜ் அந்த வழக்கில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று சொன்னது. அதுவும் எப்படி? ஐந்துக்கு நான்கு! நான்கு ஜட்ஜுகளுக்கு அது குற்றமாகவே படவில்லை. பிற்பாடு மேற்கு வர்ஜீனியா ஜட்ஜ் தேர்தலிலிருந்து கட்சிப் பெயரை எடுத்துவிட்டது. 2016 முதல் அங்கே கட்சியில்லாத் தேர்தல்.

நிலக்கரிக் கதையின் முடிவையும் கேளுங்கள். 2010 ஏப்ரலில் அதே மாஸ்ஸி கம்பெனியின் சுரங்கம் வெடித்து 29 தொழிலாளர்கள் மாண்டார்கள். பாதுகாப்பு விதிகளை மீறச் சதி செய்ததாக 2015-ல் பிளாங்கன்ஷிப் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. தண்டனை ஒரு வருஷம். 29 உயிருக்கு ஒரு வருஷம்!

ஒரே நாட்டில், ஒரே ஓட்டுப் பெட்டியிலிருந்து, தையல்காரர்களின் ஜட்ஜும் வந்தார். நிலக்கரி முதலாளியின் பணத்தில் ஜெயித்த ஜட்ஜும் வந்தார். பெட்டி ஒன்றுதான். அதற்குள் விழும் ஓட்டுக்குப் பின்னால் எது நிற்கிறது என்பதுதான் கேள்வி.

சோவியத் நாட்டில் என்ன நடந்தது என்றும் நேற்று கேட்டீர்கள். 1936-ம் வருஷத்து அரசியல் சட்டப்படி அங்கே வட்டார மக்கள் நீதிமன்ற ஜட்ஜுகளை ஜனங்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஜட்ஜோடு சாதாரண ஜனங்களிலிருந்து இரண்டு பேர் உட்கார்ந்து விசாரித்தார்கள். இது நல்ல ஏற்பாடு. ஆனால் ஓட்டுச் சீட்டில் ஒரு பெயர்தான் இருந்தது. ஒரே பெயர் இருந்தால் அது தேர்தலா, ஒப்புதலா? நம் பக்கத்துக் குறையையும் நாமே பேசிவிட வேண்டும். இல்லாவிட்டால் எதிரி பேசுவான்.

பீகாரில் இன்றும் நடக்கிறது

கடல் கடந்து போக வேண்டியதில்லை. நம் நாட்டிலேயே, பீகாரில், கிராமத்து நீதிபதிக்கு இன்றும் தேர்தல் நடக்கிறது. அதற்குப் பெயர் கிராம கச்சேரி. அங்கே பஞ்சாயத்தின் நிர்வாகத் தலைவர் முக்கியா; நியாயம் சொல்பவர் சர்பஞ்ச். இருவரையும் ஜனங்கள் தனித்தனியாக நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். சர்பஞ்சோடு உட்காரும் பஞ்சுகளுக்கும் வார்டு வார்டாகத் தேர்தல். 2006-ம் வருஷத்துச் சட்டப்படி 2006, 2011, 2016, 2021 வருஷங்களில் தேர்தல் நடந்தது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பஞ்சாயத்துகள்!

இதில் கவனிக்க வேண்டியவை நான்கு. ஒன்று, கட்சிச் சின்னம் கிடையாது. இரண்டு, பாதி இடம் பெண்களுக்கு. தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் பிற்பட்டவர்களுக்கும் ஒதுக்கீடு. முக்காடு போட்டுக்கொண்டு மூலையில் நின்ற பெண், சட்டப்படி நாற்காலியில் உட்காருகிறாள். மூன்று, அதிகாரத்துக்கு வரம்பு உண்டு. 10,000 ரூபாய் வரையிலான சிறு வழக்கு, 1,000 ரூபாய் வரை அபராதம்; ஜெயிலுக்கு அனுப்ப முடியாது. நான்கு, சட்டம் படித்த ‘நியாய மித்திரர்’ ஒருவர் பக்கத்தில் இருந்து சட்டம் எடுத்துச் சொல்வார். தீர்ப்பு பிடிக்காவிட்டால் அப்பீலும் உண்டு.

“கட்சி இல்லை என்றால் சுத்தமாகிவிடுமா?” என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! கட்சி வெளியே போனால் ஜாதியும் பணமும் திண்ணையில் வந்து உட்காரும். நம் கிராமப் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலிலும் கட்சிச் சின்னம் இல்லைதான். அங்கே ஜாதி இல்லையா? மதுரைப் பக்கத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் தலைவர் பதவியைத் தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கியதற்காக, 1996-லிருந்து 2006 வரை ஒழுங்காகத் தேர்தல் நடத்தவே விடவில்லை. மேலவளவில் ஜெயித்து வந்த தலைவர் முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் 1997 ஜூன் 30-ல் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். தெருவிளக்குப் போடும் பதவிக்கே இந்த ரத்தம் என்றால், நியாயம் சொல்லும் பதவிக்கு?

நான் சொன்ன ஒரு தப்புத் தீர்ப்பு

இப்போது என் சொந்தக் கதை ஒன்று சொல்கிறேன். பெருமைக்கல்ல, வெட்கத்தோடு சொல்கிறேன்.

ரொம்ப வருஷம் முன்னால், சங்கம் பலமாக இருந்த ஒரு கிராமத்தில் நம் ஜனங்களின் சிறு தாவாக்களை நானே உட்கார்ந்து தீர்த்து வைப்பேன். போலீஸுக்குப் போனால் காசு, கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கு. ஆகவே எல்லோரும் சங்கக் கொட்டகைக்கு வருவார்கள். என்னை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை, ஆனாலும் ஜட்ஜ்தான்!

ஒரு நாள் ஒரு விதவை அம்மா வந்தார். நடவு ஆள்களுக்குத் தலைமையாக நின்று குலவை போடுகிறவர். நடவுக் கூலியில் மிச்சம் பிடித்த 300 ரூபாயைக் கிளை நிர்வாகி ஒருவருக்குக் கைமாற்றாகக் கொடுத்ததாகவும், அவர் திருப்பித் தரவில்லை என்றும் சொன்னார். அந்தத் தோழரோ, கொடுத்துவிட்டேன் என்றார். சாட்சி இல்லை, சீட்டு இல்லை. தோழர் என்னோடு ஜெயிலுக்கு வந்தவர். அடிபட்டவர். அந்த அம்மா அப்போது சங்கக் கூட்டத்துக்குச் சரியாக வருவதில்லை. நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “தோழர் பொய் சொல்ல மாட்டார், போம்மா” என்றேன்.

அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. என் முகத்தைப் பார்த்தார். “மிராசுதார் களத்திலேயும் இதைத்தான் சொல்வாங்க, தம்பி. ஐயா பொய் சொல்ல மாட்டாருன்னு” என்றார். எழுந்து போய்விட்டார்.

அடுத்த சம்பா நடவில் கூலி உயர்வுக்காகக் கூட்டம் போட்டோம். அந்தத் தெருப் பெண்கள் ஒருவர்கூட வரவில்லை. ஏன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு அந்தத் தோழரே குடும்பத்தார் முன்னால் பணத்தைத் தரவில்லை என்று ஒப்புக்கொண்டார். கொட்டகையில் எல்லோரையும் கூட்டி, நான் சொன்னது தப்பு என்று நானே சொன்னேன். பணம் திரும்பியது. ஆனால் அந்தத் தெரு சங்கத்துக்குத் திரும்ப இரண்டு வருஷம் ஆயிற்று.

கார் வைத்திருப்பவன் தீ வைக்க மாட்டான் என்று எழுதிய ஜட்ஜை நான் எத்தனை மேடையில் திட்டியிருப்பேன்! ஜெயிலுக்குப் போனவன் பொய் சொல்ல மாட்டான் என்று நான் சொன்னபோது, நானும் ஆளைப் பார்த்துத்தானே தீர்ப்புச் சொன்னேன்? வெண்மணியின் கொடுமை எங்கே, 300 ரூபாய் எங்கே என்று கேட்கலாம். அளவு வேறு. நோய் ஒன்றுதான்.

இளந்தோழருக்குப் பதில்

ஆகவே தோழரே, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. நீதிபதி பதவிக்குத் தேர்தல் வேண்டுமா என்று யாராவது கேட்டால், உடனே ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லாதீர்கள். திருப்பி நான்கு கேள்வி கேளுங்கள்.

ஓட்டு ரகசியமா? கை தூக்கும் ஓட்டானால், நாளைக்கு வேலை கொடுக்கிறவன் பார்த்துக்கொண்டிருப்பான். மனைக்கட்டும் கூலியும் ஒருவன் கையில் இருக்கும் ஊரில், கை தூக்குவது ஓட்டல்ல, கும்பிடு!

தேர்தல் செலவு யார் கொடுத்தது? நிலக்கரிக் கம்பெனி கொடுத்தால் தீர்ப்பும் நிலக்கரி நிறத்தில்தான் இருக்கும்.

சிறுபான்மையாகக் கிடப்பவனுக்கும் பெண்ணுக்கும் அந்தப் பீடத்தில் இடம் உண்டா? இல்லையென்றால் பழைய சாவடிக்குச் சுண்ணாம்பு அடித்த கதைதான்.

தீர்ப்பை எழுத்தில், காரணத்தோடு, தமிழில் கொடுப்பார்களா? அதன் மேல் அப்பீல் உண்டா? அப்பீல் இல்லாத நீதிபதி, அவர் எவ்வளவு நல்லவரானாலும், சின்ன மிராசுதார்தான்.

இந்த நான்குக்கும் சரியான பதில் இருந்து, சில்லறை வழக்குகளுக்கு மட்டும் அப்படியொரு கோர்ட்டு வருமானால், நம் தோழர் நிற்கட்டும். தாராளமாக நிற்கட்டும்! அவர் எந்தக் கட்சி என்பதை மறைக்கவும் வேண்டாம். ஒளித்து வைத்த கட்சியைவிடத் தெரிந்த கட்சி மேல். ஆனால் அவர் ஓட்டுக் கேட்கப் போகும்போது எந்த வழக்கிலும் இன்ன தீர்ப்புத் தருவேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. கூலித் தொழிலாளிகள் எல்லோருக்கும் ஜெயம் என்று சொல்லக் கூடாது. “வாய்தா வாங்காமல் விசாரிப்பேன். இரண்டு தரப்பையும் சமமாக உட்கார வைத்துக் கேட்பேன். கைநாட்டு வைப்பவருக்குப் புரியும்படி தீர்ப்பைப் படித்துக் காட்டுவேன். என் சொந்தக்காரர், என் சங்கத்துக்காரர் வழக்கு வந்தால் எழுந்து விலகிவிடுவேன்.” இவ்வளவுதான் அவர் கொடுக்கக்கூடிய வாக்கு. நமக்கு ஓட்டுப் போடாதவன் எதிரே வந்து நிற்கும்போது அவனுக்கும் நியாயம் கிடைக்கும் என்றால்தான் நம் வேட்பாளர் அந்த நாற்காலிக்குத் தகுதியானவர்.

“அப்படியானால் நமக்கு என்ன லாபம்?” என்று ஒருவர் பின்னாலிருந்து கேட்கிறார். லாபம் இருக்கிறது! 1952-ல் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது நினைவிருக்கட்டும். பி. சீனிவாசராவ் போன்ற தோழர்கள் 1943 முதல் இந்த மண்ணில் சேரி சேரியாக நடந்து கட்டிய சங்கத்தின் அழுத்தத்தில் வந்த சட்டம். அதிலும் ஓட்டை இருந்தது. ஒரு வேலி, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலம் வரை வைத்திருந்தவர்களை அது தொடவில்லை. ஆனாலும் அந்தச் சட்டத்தால்தான் பண்ணையாள் முதன்முதலாக மிராசுதாரைச் சர்க்கார் அதிகாரி முன் எதிர்தரப்பாக நிறுத்த முடிந்தது. அந்த அதிகாரி நம் ஆள் அல்ல. நாம் ஓட்டுப் போட்டும் அவர் வரவில்லை. அவர் முன் ஒரே உயரத்தில் நிற்பதே நமக்கு அன்று பெரிய லாபமாக இருந்தது. நியாயமான நாற்காலி ஒன்று ஊரில் இருந்தால் அதனால் அதிகம் பயனடைபவன் ஏழைதான். பணக்காரனுக்கு நாற்காலி தேவையில்லை, அவனுக்கு வேறு வழிகள் இருக்கின்றன.

அதுவரை கை கட்டி நிற்க வேண்டாம். 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளிக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் கிடைக்கும். வட்டக் கோர்ட்டிலேயே அதற்குக் குழு இருக்கிறது. ஒவ்வொரு கிளையும் இருவரைப் பழக்கி, ஜனங்களை அங்கே அழைத்துப் போக வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் சட்டம் படிக்கட்டும். கீழ்க்கோர்ட்டு சிவில் நீதிபதிப் பரீட்சையை எழுதட்டும். நாற்று நட்ட கையால் தீர்ப்பும் எழுதப்படட்டும்!

அப்படி உங்கள் மகளோ மகனோ அந்த நாற்காலியில் உட்காரும் நாளில், சங்கத்திலிருந்து யாரும் சிபாரிசுக்குப் போகாதீர்கள். நான் உயிரோடு இருந்தால் நானும் போக மாட்டேன். அந்த விதவை அம்மாவைப்போல ஒருவர், கையில் சீட்டும் இல்லாமல், சாட்சியும் இல்லாமல் வந்து நிற்பார். அவர் சொல்வதை முழுவதும் கேட்கச் சொல்லுங்கள். அது போதும்.